இரண்டாம் முறை விரிவாக்கும்போது ‘சூப்பர்பிளாக் செக்சம் பொருந்தவில்லை’ என்று எக்ஸ்ட்4 மறுக்கிறது: காரணமும் தீர்வும்

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்துத் தரவுத்தள சர்வரில் தரவுகள் அனைத்தும் ஓர் எல்விஎம் வால்யூமில் (லினக்ஸில் பின்னர் பெரிதாக்கக்கூடிய வட்டுப் பகுதி), எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இருக்கின்றன. இடம் போதாமல் போனதால், சென்ற வாரம் அதனை 200 ஜிபியிலிருந்து 300 ஜிபியாக, தரவுத்தளத்தை நிறுத்தாமலேயே விரிவாக்கினேன். முதலில் வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட், அதன் பின் கோப்பு முறைமையை அதற்கேற்ப விரிக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் என்ற வழக்கமான முறைதான். எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது.

நேற்று மேலும் 50 ஜிபி சேர்க்க முனைந்தேன். எல்விஎக்ஸ்டெண்ட் சரியாக முடிந்தது. ஆனால் ரீசைஸ்2எஃப்எஸ், சூப்பர்பிளாக்கின் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்றும், செல்லத்தக்க சூப்பர்பிளாக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொல்லி நின்றுவிட்டது. அந்த விவரங்களைக் காட்டும் டம்ப்ஈ2எஃப்எஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், தலைப்பு விவரங்களைக் காட்டிவிட்டு, செக்சம் பிழைகள் உள்ளன, உடனே ஈ2எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கருவி) ஓட்டவும் என்று எச்சரிக்கிறது. இத்தனைக்கும் தரவுத்தளம் எந்தக் குறையும் இன்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் வட்டு தொடர்பான ஒரு பிழை வரிகூட இல்லை.

இன்னும் குழப்பமான செய்தி ஒன்று உண்டு. அதே சர்வரில் அஞ்சல் வரிசைக்கென்று தனியாக ஒரு வால்யூம் இருக்கிறது. அதே கர்னல், அதே வட்டுத் தொகுதி, அதே எக்ஸ்ட்4. அதை இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை விரிவாக்கியிருக்கிறேன். ஒரு முறைகூட இந்தப் பிழை வரவில்லை. கர்னல் 6.0 வரிசை, எக்ஸ்ட்4 கருவிகளின் தொகுப்பான ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.46 வரிசை. உடன் பணிபுரியும் ஒருவர், எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று விடையளிக்கும் வகையில் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

பேக்கப் பொறுப்பாளர்

ஐயா, முதல் வேலையாக அந்த யோசனையைக் கைவிடுங்கள். மவுண்ட் செய்யப்பட்டிருக்கும், அதாவது இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும் கோப்பு முறைமையின் மீது ஈ2எஃப்எஸ்சிகே எழுதத் தொடங்கினால், கர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிளாக் (வட்டு இடத்தின் சிறு அலகு) வரைபடங்களும் வட்டில் இருப்பவையும் ஒன்றுக்கொன்று மாறுபட்டுவிடும். அதன் பிறகு கர்னல் தன் பழைய கணக்கை நம்பி, ஏற்கெனவே ஒரு கோப்புக்கு உரிய பிளாக்கின் மேல் வேறொரு கோப்பை எழுதும். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு பொருந்தாத செக்சம் மட்டுமே. அப்படிச் செய்தால் உண்மையாகவே சிதைந்த தரவுத்தளம் ஒன்று கைக்கு வரும். இதை நான் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, இன்றைய பேக்கப் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு அளவில் எடுக்கும் பேக்கப், அதாவது தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதிக் கருவியால் எடுத்தது, சூப்பர்பிளாக்கைச் சார்ந்ததன்று; அது கையில் இருந்தால் மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம். மூன்றாவது, காரணம் தெரியும் வரை அந்த சர்வரைத் திடீரென்று அணைத்துவிட வேண்டாம். முறையாக அன்மவுண்ட் ஆவது வேறு, மின்சாரம் போய் நிற்பது வேறு. அந்த வேறுபாடு உங்கள் நிலையில் பெரிது என்று நினைக்கிறேன். கர்னல் மூலத்தைப் படித்தவர்கள் விளக்குவார்கள்.

கர்னல் படிப்பவர்

மேலே உள்ள மறுமொழியுடன் முழுதும் உடன்படுகிறேன். நீங்கள் சந்தித்திருப்பது வட்டுப் பழுதன்று. எக்ஸ்ட்4-இன் விரிவாக்கப் பகுதியில் 2022-இல் நுழைந்து அதே ஆண்டின் இறுதியில் திருத்தப்பட்ட ஒரு பிழை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எக்ஸ்ட்4-இன் முதன்மை சூப்பர்பிளாக் வட்டுப் பகுதியின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி அமர்ந்திருக்கிறது. அதன் நீளமும் 1024 பைட்தான். மொத்த பிளாக்குகள், மொத்த ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் உரிய விவரப் பதிவுகள்), எந்தெந்த வசதிகள் இயக்கப்பட்டிருக்கின்றன என்பவை எல்லாம் அதற்குள் இருக்கும். மெடாடேட்டா செக்சம் வசதி இயக்கப்பட்ட கோப்பு முறைமையில், அந்த 1024 பைட்டின் கடைசி 4 பைட் முன்னுள்ள அத்தனை பைட்டுகளின் மீதும் கணக்கிட்ட சிஆர்சி32சி மதிப்பாகும். இந்த வசதி கர்னல் 3.5-இல், 2012-இல் வந்தது. ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.43 முதல் புதிதாக உருவாக்கும் கோப்பு முறைமைகளில் அது இயல்பாகவே இயங்குகிறது. எனவே சூப்பர்பிளாக்கில் ஒரு புலம் மாறினாலும் செக்சத்தை மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். கணக்கிட்ட பிறகு எந்தப் புலத்தையும் தொடக்கூடாது. பத்திரத்தில் கையெழுத்தும் முத்திரையும் இட்ட பிறகு நடுவில் ஒரு வரி சேர்த்தால் அந்தப் பத்திரம் எப்படிச் செல்லாதோ, அப்படித்தான் இதுவும்.

உங்கள் கர்னலில் நடந்தது சரியாக அதுதான். விரிவாக்கத்தின்போது புதிய பிளாக் குரூப்களைச் சேர்த்து முடித்ததும், கர்னல் எக்ஸ்ட்4_அப்டேட்_சூப்பர் என்னும் செயற்கூறை அழைக்கிறது. அது பிளாக் எண்ணிக்கை, ஐநோடு எண்ணிக்கை முதலியவற்றைக் கூட்டி எழுதி, செக்சத்தைக் கணக்கிட்டு, பஃபரின் பூட்டைத் திறந்துவிடுகிறது. அதன் பிறகு, அதே செயற்கூறின் இறுதியில், ‘ஓவர்ஹெட்’ எனப்படும் ஒரு புலத்தைப் புதுப்பிக்கிறது. செக்சம் பழைய மதிப்பிலேயே நின்றுவிடுகிறது. முதல் முறை விரிவாக்கும்போது ரீசைஸ்2எஃப்எஸ் நல்ல சூப்பர்பிளாக்கைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவதால் எதுவும் தெரிவதில்லை. இரண்டாம் முறை அதே கருவி வட்டைத் திறக்கும்போதுதான் முதல் முறை விட்டுச்சென்ற பிழை கண்ணில் படுகிறது.

திருத்தம் மிகச் சிறியது. செக்சம் கணக்கிடும் வரியையும் பூட்டைத் திறக்கும் வரியையும் ஓவர்ஹெட் புதுப்பித்தலுக்குக் கீழே நகர்த்தினார்கள், அவ்வளவே. ‘எக்ஸ்ட்4: ஃபிக்ஸ் பேட் செக்சம் ஆஃப்டர் ஆன்லைன் ரீசைஸ்’ என்ற தலைப்பில் 2022 நவம்பரில் அனுப்பப்பட்டு, 6.2-க்கான தொகுப்பில் சேர்ந்தது. 6.2 வெளிவந்தது 2023 பிப்ரவரியில்.

புதிய நிர்வாகி

ஓவர்ஹெட் என்பதை எதற்காக சூப்பர்பிளாக்கில் எழுத வேண்டும் என்று விளக்க முடியுமா? இடத்தைக் கணக்கிட மொத்த பிளாக்குகளும் காலி பிளாக்குகளும் போதாவா?

கர்னல் படிப்பவர்

நல்ல கேள்வி, பிழையின் வேரே அங்குதான் இருக்கிறது. இழையைத் தொடங்கியவரின் எண்களையே எடுத்துக்கொள்வோம்.

4096 பைட் பிளாக் கொண்ட கோப்பு முறைமையில் ஒரு பிளாக் குரூப்பின் பிட் வரைபடம் ஒரே பிளாக்கில் அடங்கும். ஒரு பிளாக்கில் 32768 பிட்டுகள் இருப்பதால் ஒரு குரூப் 32768 பிளாக்குகளை, அதாவது 128 எம்பியைக் கொண்டிருக்கும். 200 ஜிபிக்கு 1600 குரூப்கள். 300 ஜிபிக்கு 2400. ஆகவே முதல் விரிவாக்கத்தில் 800 குரூப்கள் புதிதாகச் சேர்ந்தன. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு 16 கேபிக்கும் ஓர் ஐநோடு என்பதால் ஒரு குரூப்புக்கு 8192 ஐநோடுகள். ஐநோடு ஒன்றுக்கு 256 பைட் வீதம் 2 எம்பி, அதாவது 512 பிளாக்குகள் அட்டவணைக்கே போய்விடும். பிளாக் வரைபடம் ஒன்று, ஐநோடு வரைபடம் ஒன்று என இன்னும் 2. குரூப்புக்கு 514 வீதம் 800 குரூப்களுக்கு 4,11,200 பிளாக்குகள், ஏறத்தாழ 1.57 ஜிபி. இந்த இடத்தில் யாரும் கோப்பு வைக்க முடியாது. டிஎஃப் கட்டளை மொத்த அளவைக் காட்டும்போது இதைக் கழித்துத்தான் காட்டுகிறது. கழிக்க வேண்டிய இந்தத் தொகைதான் ஓவர்ஹெட்.

கோப்பு முறைமை பெரிதாக இருந்தால், மவுண்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் எல்லாக் குரூப்களையும் சுற்றிவந்து இதைக் கணக்கிட நேரம் பிடிக்கிறது. அதனால் ஒரு முறை கணக்கிட்டதை சூப்பர்பிளாக்கிலேயே எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைத்த பின், விரிவாக்கத்தின்போது அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது தெரியவந்தது: விரிவாக்கி, அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்தால், டிஎஃப் பழைய ஓவர்ஹெட்டையே கழித்துத் தவறான மொத்தத்தைக் காட்டியது. எக்ஸ்ட்4-இன் பராமரிப்பாளரான தியடோர் ட்சோ 2022-இல் இதைச் சரிசெய்தார். ஏறத்தாழ அதே காலத்தில், விரிவாக்கத்தின் ஒவ்வொரு படியிலும் முழுக் கணக்கையும் மறுபடி போடுவதைத் தவிர்த்து, சேர்ந்த குரூப்களுக்கு மட்டும் கூட்டுவதற்கான மாற்றமும் வந்தது. இரண்டும் 6.0-இல் சேர்ந்தன, இரண்டும் தேவையானவையே. ஆனால் புலத்தை எழுதும் வரி செக்சம் வரிக்குக் கீழே அமர்ந்துவிட்டது.

இழையைத் தொடங்கியவர்

இவ்வளவு தெளிவாக விளக்கியதற்கு மிக்க நன்றி. எனினும் என் முதல் பதிவில் கேட்ட ஒன்று இன்னும் விடுபடவில்லை. பிழை செயற்கூறிலேயே இருக்குமானால், அஞ்சல் வரிசை வால்யூமிலும் வந்திருக்க வேண்டும் அல்லவா? மூன்று முறை விரிவாக்கியும் அங்கே வரவில்லையே.

கர்னல் படிப்பவர்

அங்கும் வந்திருக்கும், நீங்கள் பார்ப்பதற்குள் மறைந்திருக்கும்.

ஒரு கோப்பை அழிக்கும்போது, அதன் பிளாக்குகளை விடுவித்து முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டால் அந்த ஐநோடு நடுவழியில் நின்றுவிடும். அதற்காக எக்ஸ்ட்4 அதனை முதலில் ஓர் ‘ஆர்ஃபன்’ பட்டியலில் சேர்க்கிறது. அந்தப் பட்டியலின் தலை சூப்பர்பிளாக்கில் ஒரு புலமாக இருக்கிறது. புலத்தை மாற்றியதும் அந்த இடத்திலேயே செக்சமும் மறுபடி கணக்கிடப்படுகிறது. அஞ்சல் வரிசையில் நொடிக்கு நொடி கோப்புகள் உருவாகி அழிகின்றன. விரிவாக்கம் முடிந்து அடுத்த அஞ்சல் வெளியே போன உடனே செக்சம் சரியாகிவிடும். தரவுத்தள வால்யூமிலோ அதே பெரிய கோப்புகள் நாள்கணக்கில் திறந்தபடி இருக்கின்றன. அவற்றின் உள்ளே எழுதுகிறார்களே தவிர எவரும் எதையும் அழிப்பதில்லை. அதனால் தவறான செக்சம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

உங்கள் ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.46 என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. 1.47 முதல் ஆர்ஃபன் பட்டியலுக்கென்று தனிக் கோப்பு வைக்கும் வசதி இயல்பாக இயங்குவதால், அந்தப் பதிப்பில் உருவாக்கிய கோப்பு முறைமையில் ஒரு கோப்பை அழித்தாலும் சூப்பர்பிளாக் தொடப்படுவதில்லை.

பேக்கப் பொறுப்பாளர்

இந்த விளக்கம் என் பழைய சந்தேகம் ஒன்றையும் தீர்த்தது. அத்துடன் முன்பு சொன்ன எச்சரிக்கைக்குத் திரும்புகிறேன். மவுண்ட் செய்யும்போது கர்னல் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) தொடுவதற்கு முன்பே சூப்பர்பிளாக் செக்சத்தைச் சரிபார்க்கிறது. முறையாக அன்மவுண்ட் ஆனால் அந்த நேரத்தில் சூப்பர்பிளாக் மறுபடி எழுதப்பட்டு எல்லாம் நேராகிவிடும். நடுவில் மின்சாரம் போனால், வட்டில் இருப்பது தவறான செக்சம். மவுண்ட் மறுக்கப்படும், ஜர்னலில் குறித்தவற்றை மறுபடி செயல்படுத்துவதும் நடக்காது.

ஸ்னாப்ஷாட்டுக்கும் இது பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை, உள்ளே இருக்கும் இயங்குதளத்திடம் சொல்லாமல் வெளியிலிருந்து ஸ்னாப்ஷாட் எடுத்தால், அது மின்சாரம் போன கணத்தின் படமே. அதிலிருந்து மீட்க முயல்பவர் மவுண்ட் ஆகவில்லை என்று திகைத்து நிற்பார். எல்விஎம் ஸ்னாப்ஷாட் அப்படியன்று. அது கோப்பு முறைமையை முதலில் உறையவைக்கிறது, அதாவது எழுதுவதைச் சற்று நிறுத்தி வைக்கிறது; உறையும்போது சூப்பர்பிளாக் புதிய செக்சத்துடன் வட்டுக்குப் போகிறது. ஆகவே விரிவாக்கத்துக்குப் பின் வெளியிலிருந்து எடுத்த ஸ்னாப்ஷாட்கள் உங்களிடம் இருந்தால், அவற்றில் ஒன்றையாவது தனி இயந்திரத்தில் இணைத்து மவுண்ட் செய்து பாருங்கள்.

அப்படி ஒன்று மவுண்ட் ஆகாமல் போனாலும் பதற வேண்டியதில்லை. அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, நகலின் மீது, அன்மவுண்ட் நிலையில், ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டலாம். முதன்மை சூப்பர்பிளாக் செல்லாது என்று கண்டால் அது சூப்பர்பிளாக்கின் மாற்றுப் பிரதிகளைத் தேடும். 4096 பைட் பிளாக்கில் முதல் மாற்றுப் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும், அடுத்தது 98304-இல்.

வேறொரு வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே பிழைச் செய்தி எனக்கும் வந்திருக்கிறது, ஆனால் முதல் விரிவாக்கத்திலேயே. அதுவும் மேகக் கணினி ஒன்று முதன்முறை துவங்கும்போது, எப்போதாவது ஒரு முறை. மறுபடி ஓட்டினால் ஒழுங்காக முடிந்துவிடுகிறது. இதுவும் அதேதானா?

கர்னல் படிப்பவர்

செய்தி ஒன்று, நோய் வேறு. ரீசைஸ்2எஃப்எஸ் சூப்பர்பிளாக்கைப் படிக்கும்போது வழக்கமாக பேஜ் கேஷ் (வட்டுத் தரவின் நகல் நினைவகத்தில் இருக்கும் இடம்) வழியாகப் படிக்கிறது. கர்னல் சூப்பர்பிளாக்கை மாற்றி எழுதுவதும் அதே நினைவகப் பக்கத்தில்தான். கர்னல் ஒரு புலத்தை எழுதிவிட்டுச் செக்சத்தை இன்னும் எழுதாத அந்தக் கணத்தில் கருவி படித்துவிட்டால், பாதி புதியதும் பாதி பழையதுமான ஒரு சூப்பர்பிளாக் அதன் கைக்கு வருகிறது. முதன்முறை துவங்கும் கணினியில் நூறு வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதால் அங்கே இது கண்ணில் படுகிறது. இதற்கான திருத்தம் கர்னலில் இல்லை, கருவியில் இருக்கிறது: மவுண்ட் ஆகியிருக்கும் கோப்பு முறைமையை விரிவாக்கும்போது சூப்பர்பிளாக்கை டைரக்ட் ஐஓ முறையில் வட்டிலிருந்தே படிக்கும்படி ரீசைஸ்2எஃப்எஸ் மாற்றப்பட்டது. கர்னல் வட்டுக்கு அனுப்புவது எப்போதும் தன்னளவில் பொருந்திய நிலையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட மாற்றம் அது. தலைப்பில் உள்ள பிழை அந்த நம்பிக்கையையே உடைத்துவிடுவதால், பழைய கர்னலில் புதிய கருவியைப் போட்டாலும் இழையைத் தொடங்கியவருக்குப் பயன் இராது.

வேறுபடுத்திப் பார்க்க எளிய வழி உண்டு. டம்ப்ஈ2எஃப்எஸ்-ஐத் தலைப்பு விவரங்கள் மட்டும் கேட்டு, சில நொடி இடைவெளியில் ஐந்தாறு முறை ஓட்டுங்கள். எப்போதாவது ஒரு முறை மட்டும் எச்சரிக்கை வந்தால் உங்கள் நோய். ஒவ்வொரு முறையும் வந்தால் அவருடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விரிவாக்கம் மாற்றுப் பிரதிகளையும் புதுப்பிக்கிறது. அந்த வேலையைச் செய்யும் செயற்கூறு எக்ஸ்ட்3 காலத்தது, செக்சம் என்ற கருத்தே இல்லாத நாளில் எழுதப்பட்டது. அது மாற்றுப் பிரதிகளின் செக்சத்தை எழுதவே இல்லை. ஈ2எஃப்எஸ்சிகே மாற்றுப் பிரதியின் செக்சத்தைப் பொருட்படுத்தாததால் நெடுநாள் யாருக்கும் தெரியவில்லை. மவுண்ட் நிலையிலேயே லேபிளை மாற்றும் புதிய வசதி கர்னலில் வந்த பிறகு, அது மாற்றுப் பிரதிகளின் செக்சத்தைச் சரிபார்த்து, கோப்பு முறைமை சிதைந்துவிட்டது என்று குறித்தது. அதுவும் பின்னர் திருத்தப்பட்டுவிட்டது. புதிய கர்னலுக்கு மாறும் வரை விரிவாக்கிய வால்யூமின் லேபிளை மாற்றாதீர்கள்.

இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை இயந்திரத்தில் அதே கர்னலை நிறுவி, 8 ஜிபி எல்விஎம் தொகுதியில் 1 ஜிபி வால்யூம் ஒன்றை உருவாக்கி, 2 ஜிபியாக விரிவாக்கினேன். டம்ப்ஈ2எஃப்எஸ் ஆறு முறையும் எச்சரித்தது. 3 ஜிபியாக்க முனைந்தபோது ரீசைஸ்2எஃப்எஸ் அதே செய்தியுடன் நின்றது. பிறகு அந்த வால்யூமில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, உடனே அழித்தேன். எச்சரிக்கை மறைந்தது, 3 ஜிபி விரிவாக்கமும் முடிந்தது. நம்பவே முடியாமல், புதிதாக மற்றொரு வால்யூமில் கோப்பு அழிப்பதற்குப் பதிலாக எஃப்எஸ்ஃப்ரீஸ் கட்டளையால் உறையவைத்து விடுவித்துப் பார்த்தேன், அதிலும் சரியானது. ஆர்ஃபன் கோப்பு வசதியுடன் உருவாக்கியதில் கோப்பை அழித்தும் பயன் இல்லை, உறையவைத்ததும் சரியானது. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

பேக்கப் பொறுப்பாளர்

மிக நல்ல சோதனை. படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: ரூட் கோப்பு முறைமையை அதே இயந்திரத்தின் ஷெல்லிலிருந்து உறையவைக்க வேண்டாம். விடுவிக்கும் கட்டளையைத் தட்டுவதற்குள் ஷெல்லே எழுத முடியாமல் நின்றுவிடக்கூடும். தனி வால்யூமாக இருந்தால், அதில் எழுதும் சேவைகள் சில நொடி காத்திருக்கும், அவ்வளவே.

இழையைத் தொடங்கியவர்

கவனத்தில் கொண்டேன். தரவுத்தள வால்யூமில் உறையவைக்கும் வழியைத் தவிர்த்து, வெற்றுக் கோப்பு ஒன்றை அழிக்கும் வழியையே எடுத்தேன். எச்சரிக்கை மறைந்ததை ஆறு முறை பார்த்து உறுதிசெய்த பின், நின்றுபோன 50 ஜிபி விரிவாக்கத்தை முடித்தேன். அந்த விரிவாக்கமும் தவறான செக்சத்தை விட்டுச்சென்றிருக்கும் என்பதால் உடனே மறுபடி ஒரு கோப்பை உருவாக்கி அழித்தேன். அதிகாலை 3 மணிக்குத் தரவுத்தளத்தை முறையாக நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, மாற்றம் எதுவும் செய்யாத நிலையில் ஈ2எஃப்எஸ்சிகே ஓட்டினேன்; ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு கர்னலை மாற்றித் துவக்கினேன். வெறும் பதிப்பு எண்ணைப் பார்க்காமல், விநியோகத்தாரின் மாற்றப் பட்டியலில் அந்தத் திருத்தத்தின் தலைப்பைத் தேடிக் கண்ட பின்பே நிறுவினேன்.

புதிய கர்னலில் சோதனை வால்யூமை 1, 2, 3, 4 ஜிபி என்று இடையில் எதையும் அழிக்காமல் தொடர்ந்து விரிவாக்கினேன். நான்கிலும் எச்சரிக்கை வரவில்லை. வெளியிலிருந்து எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்கள் மூன்றில் இரண்டு மவுண்ட் ஆகவில்லை. அவற்றின் நகல்களை இன்று மாலை சரிபார்க்கிறேன். விளைவை இதே இழையில் எழுதுகிறேன்.